ஒரு கை நரிப்பயறு

"இத்தனை வருஷமா நிழல் மாதிரி கூடவே கிடக்கேன். என்னை எதுக்கும்மா போகச் சொல்லுதீங்க?" என்று கேட்டார் மாசிலாமணி.

வெயிலம்மா கஞ்சிக் கலயத்தை வாங்கி, ஆறட்டும் என்று ஓரமாக வைத்தார்.

ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்று. அதன்மேல் ஒரு குடிசை. அதில் வெயிலம்மா குரு, மாசிலாமணி சீடர். வயது என்னவோ சீடருக்குத்தான் கூடுதல். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை அம்மா என்பார். அவர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. வந்து பார்க்கிறவர்கள்தான் தலையைச் சொறிவார்கள்.

மாசிலாமணி கல்யாணச் சமையலில் பேர் எடுத்த மனுஷர். மனைவி போன துக்கத்தில் குன்றேறி வந்தவர், அம்மா சொன்ன ஏதோ ஒரு வார்த்தையில் உருகி, இனி இந்தக் கை கரண்டி பிடிக்காது என்று சபதம் போட்டார். மறுநாள் அம்மா வைத்த கஞ்சியைக் குடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

எத்தனையோ சீடர்கள் வந்தார்கள். காலம் வந்ததும் அம்மாவே அவர்களை அனுப்பிவிடுவார். அவர்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று மாசிலாமணி முணுமுணுப்பார். தன்னைப் போகச் சொன்னால் மட்டும் கூரை ஒழுகுகிறது என்பார், விறகு தீர்ந்துவிட்டது என்பார்.

உள்ளே இருந்தது பயம். அம்மா இல்லாத இடத்தில் தான் யார் என்று அவருக்குத் தெரியாது.

அம்மா கஞ்சியை ஒரு வாய் குடித்தார்.

"இதுல பயறு இல்லையே அண்ணாச்சி."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். குன்றில் பயறு இல்லை.

நரிப்பயறு யாரும் விதைத்து வளர்ப்பதில்லை. மழை பெய்தால் தானாக முளைத்துத் தரையோடு படரும். ஒரு காம்புக்கு மூன்று இலை. ஒவ்வொன்றும் கத்தரித்துவிட்ட மாதிரி இருக்கும். நகத்தளவில் ஒரு மஞ்சள் பூ. பூ போனால் ஊசி மாதிரி ஒல்லியான காய். அது கறுத்து முற்றினால் உச்சி வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்துப் பயற்றை நாலாபக்கமும் விசிறிவிடும். அதனால் பனி ஈரம் இருக்கும்போதே பறித்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு அந்தப் பயறு போட்ட கஞ்சி என்றால் உயிர். அதனால் மாசிலாமணி விடியுமுன் எழுந்து ஒரு காய் விடாமல் பறிப்பார். தப்பி விழுந்ததைக்கூடப் பெருக்கி எடுத்துப் புடைத்துப் பானையில் போடுவார். முளைக்க ஒன்று மிஞ்ச வேண்டுமே. வருஷத்துக்கு வருஷம் குறைந்து, இந்த வருஷம் ஒரு கொடியையும் காணோம்.

"ஒரு கை நரிப்பயறு கொண்டு வாங்க," என்றார் அம்மா. "கொண்டு வந்துட்டா சாகுற வரைக்கும் இங்கயே இருங்க. போன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

மாசிலாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கம்மா கிடைக்கும்?"

"செம்மணல் தேரிக்காட்டுல இருக்கு. கண்மாய்க் கரையில இருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் பர்மாவுல, ஆப்பிரிக்காவுலகூட இருக்குன்னு சொல்லுதாங்க. அது இல்லாத சீமை இல்ல. இங்கதான் இல்ல."

அன்றைக்கே புறப்பட்டார்.

கேட்ட இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். நரிப்பயறா, இருந்ததே, போன வாரம்தான் ஆடு மேய்ந்தது என்றார்கள். வரப்புச் செதுக்கியாயிற்று என்றார்கள். கடைசியில் ஒருவர், தெற்கே தவசி சாமியார் குடிசைப் பக்கம் போய்ப் பாரும், தரையே தெரியாது என்றார்.

மாசிலாமணிக்கு அந்தப் பேரைக் கேட்டதும் வேர்த்துவிட்டது.

தவசியும் குன்றில் சீடனாக இருந்தவன்தான். அவன் போன அன்று பானையில் பயறு குறைந்திருந்தது. பயறு திருடன் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தது மாசிலாமணிதான். இப்போது அந்தத் திருடன் வாசலில் போய் நிற்க வேண்டும். வேறு வழி இல்லை, நின்றார்.

குடிசையைச் சுற்றிலும் நரிப்பயறு மஞ்சளாகப் பூத்தும் காய்த்தும் கிடந்தது. பத்துப் பேர் உட்கார்ந்து தவசி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. நான் எடுத்தேன்தான். வழியில பசிக்குமேன்னு எடுத்தேன். இங்க வந்து ஊறப்போட்டு வேகவச்சா, பாதி வேகவே இல்ல. கல்லு மாதிரி கிடந்துது. அப்படியே வாசல்ல கொட்டினேன்."

"கொட்டினதா இது?"

"வேகாததுதான் முளைச்சுது."

மாசிலாமணி வந்த விஷயத்தைச் சொன்னார். தவசி மறுநாள் பனியோடு கொடிகளை அரிந்து, காயோடு சேர்த்து ஈரத் துணியில் கட்டிக் கொடுத்தான். வெயிலில் அவிழ்க்க வேண்டாம் என்றான். சமையல்காரனுக்கே சமையலா என்று நினைத்துக்கொண்டு மூட்டையை வாங்கினார்.

பாதி வழியில் ஒரு பொட்டல். ஒரே ஒரு முள் உடைமரம். அதன் கீழ் உட்கார்ந்தவர், ஈரத்தில் பூசணம் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தார். கொஞ்சம் காற்றாடட்டும் என்று துணியை விரித்தார். நடந்த களைப்பில் கண் அசந்துவிட்டது. நிழல் அவரை விட்டு நகர்ந்து போனதும் தெரியவில்லை.

சடசடவென்று சத்தம் கேட்டு விழித்தார். காய்கள் முறுக்கி வெடித்துக்கொண்டிருந்தன. அவர் முகத்திலேயே நாலு பயறு தெறித்தது.

துணியில் மிஞ்சியது வெறும் தோல். மண் நிறத்தில் பயறு, பயறு நிறத்தில் மண். பொறுக்கிப் பொறுக்கி நகத்தில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். அந்த மனுஷர் குழந்தை மாதிரி அழுதார்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் அவர் அருகே நின்றாள். சந்தனமாரி என்று பேர். என்ன தொலைந்தது என்று விசாரித்தாள். சொன்னார். மறுபடி கொடுத்தவரிடமே போய் வாங்கி வரலாமே என்றாள். திருடன் என்று சொன்னவனிடம் இன்னொரு தரம் கையேந்த மாசிலாமணிக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மழை விழுந்தால் முளைக்கும், காய்த்ததும் பறித்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். அதுவரை ஆடு இந்தப் பக்கம் வரக் கூடாது என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெறுந்தரைக்கா காவல் இருக்கப் போறீங்க சாமி?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் அவருக்குக் கூழ் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தவர், அதற்கு மேல் பொறுக்க முடியாமல், நாளை மாவை மட்டும் கொண்டுவா, நானே காய்ச்சுகிறேன் என்றார். அந்தக் கூழின் மணம் பிடித்து இன்னும் இரண்டு மேய்ப்பர்கள் வந்தார்கள். பிறகு விறகு வெட்டுகிறவர்கள் வந்தார்கள். ஓலை கொண்டுவந்து நிழலுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். குடித்துவிட்டுச் சும்மா எழுந்து போவார்களா? ஏதாவது கேட்பார்கள். அம்மா இப்படிச் சொல்வார், அம்மா அப்படிச் சொல்வார் என்று அவரும் சொல்வார்.

கோடைமழை ஒருநாள் கொட்டித் தீர்த்தது. அந்த வாரமே இரட்டை இலையாகப் பொட்டலில் பச்சை தெரிந்தது. மாசிலாமணி ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு திரிந்தார்.

பூவெடுத்த சமயத்தில் ஒருநாள் சந்தனமாரி கலயத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"என்னை மறந்துட்டானா சாமி?"

அம்மா இதற்கு என்ன சொல்வார் என்று மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். அம்மா இதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

"உனக்கு அவன் மேல கவலையா, கோபமா?" என்று கேட்டார். "கவலைன்னா இந்தக் கலயத்தைக் குடி. கோபம்னா இன்னொரு கலயம் சேர்த்துக் குடி. பிள்ளை வரும்போது சண்டை போட உடம்புல தெம்பு வேணும்லா?"

அவள் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. பிறகு கலயத்தை எடுத்துக் குடித்தாள்.

"இதுவும் உங்க அம்மா சொன்னதா சாமி?"

"இல்ல. இது நானாச் சொன்னது," என்றார் மாசிலாமணி. சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

காய் கறுத்தது. ஒரு விடியலில் பனி ஈரத்தோடு பறித்து உதிர்த்தார். சரியாக ஒரு கை நிறைந்தது. இதைக் கொண்டுபோனால் போதும், சாகிறவரை அம்மாவோடு இருக்கலாம். பயற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சந்தனமாரி ஆடுகளோடு வந்துகொண்டிருந்தாள். தூரத்தில் வரும்போதே, இன்றைக்கு என்ன கஞ்சி என்று கேட்டாள்.

அந்த ஒரு கைப் பயறும் அன்றைக்குக் கஞ்சியில் போயிற்று. மீதிக் காய்களை அவர் தொடவில்லை. நாள் ஏற ஏற அவை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்லோருக்கும் ஊற்றினார். வந்தவர்கள் போனதும் குன்றுக்கு நடையைக் கட்டினார்.

குடிசை வாசலில் அவர் நாள் தவறாமல் பெருக்குகிற இடத்தில், ஒரு நரிப்பயற்றுக் கொடி படர்ந்து பூத்திருந்தது. பெருக்க ஆள் இல்லாததால் எந்தக் காலத்திலோ புதைந்த பயறு எழுந்து வந்திருந்தது. அவர் அதை மிதிக்காமல் சுற்றி நடந்து உள்ளே போனார்.

வெயிலம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். தானே சமைத்துச் சாப்பிட்டால் வேறு எப்படி இருப்பார்?

"பயறு எங்க அண்ணாச்சி?"

"கஞ்சியில போட்டுட்டேன்மா."

"யாருக்கு?"

"அங்க கொஞ்சம் பேரு இருக்காங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ இங்க எதுக்கு வந்தீங்க?"

"சொல்லிட்டுப் போகத்தாம்மா."

வெயிலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கே போகணுமா அண்ணாச்சி?"