அயனி நிற்கவில்லை

"அயனி நிக்க மாட்டேங்குது மேடம். நான் ஊருக்கே போயிடுறேன்" என்றார் சுடலைமுத்து.

நாற்பத்தாறு வயது. தூத்துக்குடியில் கல்லூரி ஆசிரியர். மனைவியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு, நீண்ட விடுப்புப் போட்டுச் சென்னைக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். அவருடைய குரு ரெஹானா, அவரைவிடப் பத்து வயது இளையவர். முதல் மாதம் அது உறுத்தியது. பிறகு, திட்டு வாங்குகிற இடத்தில் வயதைப் பார்த்து என்ன பயன் என்று விட்டுவிட்டார்.

வேலை இதுதான். நான்கு உலோகத் தண்டுகள். நடுவில், எதையும் தொடாமல், ஒரே ஓர் அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய ஓர் அணு, நிற்க வேண்டும். தண்டுகளில் வோல்டேஜ் மாறாமல் இருந்தால் அது ஒரு பக்கமாக ஓடிவிடும். வோல்டேஜ் ஓயாமல் மாறினால்தான், ஓடப் பார்க்கும்போதெல்லாம் திரும்ப இழுபட்டு நடுவிலேயே கிடக்கும்.

உலோகத்தில் கை வைக்கும் முன் இதைக் கணினியில் நடத்திக் காட்ட வேண்டும். மாதக்கணக்காகத் தோல்வி.

ரெஹானா திரையைப் பார்த்தார். அயனி நேராகப் போய்த் தண்டில் மோதியது.

"மாறுற வோல்டேஜ்தானே குடுத்தீங்க?"

"சத்தியமா மேடம். ஒரு அலை ஏறி இறங்க ஒரு மைக்ரோ செகண்ட்."

"அந்த வோல்டேஜ சாஃப்ட்வேர் எப்பெப்ப எட்டிப் பாக்குது?"

"மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ரெஹானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு எப்படி இருக்கா சார்?"

சுடலைமுத்துவுக்கு எரிச்சல் வந்தது. இங்கே பிழைப்பே நாறிக் கிடக்கிறது, இவர் குசலம் விசாரிக்கிறார்.

"நல்லா இருக்கா மேடம். காலேஜ் மொத வருஷம்."

"எப்படித் தெரியும்?"

"தெனமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் பண்ணுவேனே."

"அப்ப என்ன பண்ணிட்டிருப்பா?"

"அவ அம்மாகூட உக்காந்து சாப்பிட்டுட்டிருப்பா. சிரிப்பா."

"என்னைக்கும் எட்டு மணிக்குத்தானா?"

"ஒரு நிமிஷம் தப்பாது."

"அப்ப உங்க பொண்ணு நாள் முழுக்கச் சாப்பிட்டுச் சிரிச்சிட்டே இருக்கா."

சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

திரையைத் திரும்பிப் பார்த்தார். அலை உச்சிக்கு வரும் அந்தக் கணத்தில் மட்டும் மென்பொருள் எட்டிப் பார்த்திருக்கிறது. எப்போது பார்த்தாலும் உச்சி. அதற்குத் தெரிந்தவரை வோல்டேஜ் மாறவே இல்லை.

தலையில் அடித்துக்கொண்டார். ஓர் அலைக்கு நூறு தடவை பார்க்கும்படி மாற்றினார்.

அயனி ஓடப் பார்த்தது. திரும்பியது. நடுங்கியது. நடுங்கியபடியே நடுவில் நின்றது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்லத் திரும்பினால் ரெஹானா எழுந்து போயிருந்தார்.

காலை பதினொரு மணி. எட்டு மணிவரை பொறுக்க முடியவில்லை. வகுப்பில் இருப்பாள், எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும் மகளை அழைத்தார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால், எண்ணெய் காணாத மின்விசிறி கிறீச்சிட்டது. அவர் வீட்டு மின்விசிறி.

"சுபா, காலேஜ் போகலையாம்மா?"

அழுகை வெடித்தது.

"ரொம்ப நாளாவே போகலப்பா. அம்மா வேலைக்குப் போனதும் திரும்பி வந்துடுவேன். அம்மாவுக்கே தெரியாது."

மூக்கை உறிஞ்சினாள்.

"உங்ககிட்ட யாருப்பா சொன்னா?"