மான்கள் இட்ட செம்மண் பொட்டு

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது, பிள்ளைகளே. குளம் என்று நான்தான் சொல்கிறேன். அந்தக் கோடையில் நீங்கள் பார்த்திருந்தால் சேற்றுக்குழி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். காட்டுப்பன்றிகள் இறங்கிப் புரண்டு புரண்டு, மிச்சமிருந்த தண்ணீரையும் செஞ்சேறாக்கி வைத்திருந்தன. புள்ளிமான்கள் வந்து மூக்கை நீட்டும். மூக்கில் சேறு ஏறும். தும்மிக்கொண்டே திரும்பிப் போகும்.

"கொஞ்சம் வெளியே வந்து நின்றால் தண்ணீர் தெளியும். நாங்கள் குடித்துவிட்டுப் போய்விடுவோம்" என்று மான்கள் கேட்டுப் பார்த்தன.

"வெயில் எங்களுக்கும்தான் அடிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பன்றிகள் மறுபக்கம் புரண்டு படுத்தன.

அந்தக் குளத்தங்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். மரத்தில் கூடு கட்டத் தெரியாத பறவை அது. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிட்டு வைத்திருப்பவளுக்கு நிம்மதி ஏது? புல் அசைந்தால் போதும், "கிர்ரீ! கிர்ரீ!" என்று கத்திவிடுவாள். அவள் கத்தினால் மான், பன்றி, முயல் எல்லாம் ஓட வேண்டும். யாருக்காகக் கத்துகிறாள் என்று யாரும் நின்று கேட்கக் கூடாது. அதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

ஒரு நாள் காலையில் மான்கூட்டத்தின் தலைவர் பெருங்கொம்பர் அவளைத் தேடி வந்தார். அவர் நெற்றியில் பெரிதாக ஒரு செம்மண் பொட்டு. பின்னால் வந்த அத்தனை மான்களுக்கும், பால் மறக்காத குட்டிக்குக்கூட, அதே பொட்டு.

"ஆட்காட்டி, இன்று மாலை நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார் பெருங்கொம்பர்.

"வாயைத் திறக்காமல் நான் என்ன செய்வேன், ஐயா? எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே!"

"மலையிலிருந்து செந்நாய்ப் படை இறங்கியிருக்கிறது. ஆண்டவர் அனுப்பிய படை. தண்ணீரைக் கெடுத்த பன்றிகளுக்கு இன்று நியாயத்தீர்ப்பு."

"ஆண்டவர் உங்களிடம் சொன்னாரா, ஐயா?"

"மூன்று நாள் பட்டினி கிடந்து கேட்டோம். நான்காம் நாள் படை வந்து நிற்கிறது. இதற்குமேல் அவர் வந்து உன் காதில் வேறு ஓத வேண்டுமா?"

ஆட்காட்டி ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்தாள். "செந்நாய்க்குப் பன்றி எது, மான் எது என்று யார் சொல்லிக் கொடுப்பது?"

"அதற்குத்தான் இந்தப் பொட்டு! இதை இட்டவர்களைப் படை கடந்து போய்விடும். நானே மலையடிவாரத்துக்குப் போய் அவர்கள் தலைவன் கருவாலனிடம் சொல்லிவிட்டு வந்தேன். நாங்கள் ஓட மாட்டோம், வரிசையாக நிற்போம், பொட்டைப் பார்த்து விலகிப் போங்கள் என்றேன். ஆண்டவரை நம்புகிறவன் ஓடுவானா?"

"அதற்கு அவன் என்ன சொன்னான்?"

"தலையை ஆட்டினான். எவ்வளவு பணிவாகக் கேட்டுக்கொண்டான் தெரியுமா!"

"பெரிய பன்றிகள் தப்புச் செய்தன, சரி. பிறந்து பத்து நாள் ஆன குட்டிகள் என்ன செய்தன, ஐயா?"

பெருங்கொம்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ கத்தினால் ஆண்டவருக்கு எதிராகக் கத்தினாய் என்று அர்த்தம். அப்புறம் இந்தக் கரையில் உனக்கு இடமில்லை. உன் முட்டைமேல் படாமல் இத்தனை நாள் குளம்பைப் பார்த்துப் பார்த்து வைத்தோம். ஞாபகம் இருக்கட்டும்."

மான்கள் போய்விட்டன. ஆட்காட்டி முட்டைமேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். முட்டைகளைத் திருப்பி வைத்தாள். திருப்பினதையே மறுபடியும் திருப்பினாள். ஆண்டவர் தீர்ப்பு என்றால் குறுக்கே கத்த நான் யார்? ஆனால் ஆண்டவர் தீர்ப்பைக் கெடுக்க ஒரு குருவிக் குரல் போதுமா? அப்படியென்றால் இவர்கள் ஏன் என் வாயைக் கட்டுகிறார்கள்? அவளுக்குத் தலை சுற்றியது. "அனுப்பப்பட்டவனையே கேட்டுவிட்டால் போகிறது" என்று சொல்லிக்கொண்டு மலைப்பக்கம் பறந்தாள்.

உச்சிவெயில். பாறை நிழலில் செந்நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தன. ஆட்காட்டி அவற்றுக்கு எட்டாத ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"கருவாலன் அண்ணா, ஒன்று கேட்கலாமா?"

"கேள், தங்கச்சி. எனக்கும் பொழுது போகவில்லை."

"உங்களை ஆண்டவர் அனுப்பினாராமே?"

செந்நாய்கள் சிரித்த சிரிப்பில் பாறைமேல் இருந்த ஓணான் தவறி விழுந்தது.

"அந்தக் கொம்புக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்!" என்றான் கருவாலன். "பசிதான் அனுப்பியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன மாதம் அடுத்த காட்டிலும் இதே பேச்சுத்தான். காட்டெருமைகளுக்கு வந்த தீர்ப்பு என்று கடமான்கள் எங்களுக்கு வழி காட்டின. நல்ல கடமான்கள்." நாக்கைச் சுழற்றி வாயோரத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆட்காட்டிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "அப்படியானால் இன்று மாலை பன்றிகளிடம் போக மாட்டீர்களா?"

"பன்றி ஓடும். திரும்பி நின்று வயிற்றைக் கிழிக்கவும் செய்யும். இங்கே மூன்று நாள் பட்டினி கிடந்து கால் நடுங்குகிற மான்கள், ஓட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வரிசையாக நிற்கப் போகின்றன. அதை விட்டுவிட்டுப் பன்றியைத் துரத்த எனக்கு என்ன மூளை பிசகியா கிடக்கிறது? அந்தப் பொட்டும் நல்ல யோசனைதான், தங்கச்சி. தூரத்திலிருந்தே தெரியும்."

அவள் பறந்து வந்த வேகத்தில் இறக்கை வலித்தது. பெருங்கொம்பரிடம் ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது நம் நம்பிக்கைக்கு வந்த சோதனை" என்றார் அவர், மற்ற மான்களைப் பார்த்து. "எவரும் அசையக் கூடாது!"

குட்டியோடு நின்ற ஒரு பெண்மான் மட்டும் ஆட்காட்டியைப் பார்த்தது. அதன் முன்கால் லேசாக உயர்ந்தது. பெருங்கொம்பர் திரும்பினார், கால் தரையில் இறங்கிவிட்டது.

இனி யாரிடம் போவது? பொழுது வேறு சாய்கிறது. ஆட்காட்டி குளத்துக்குப் பறந்தாள். அங்கே பன்றிக்கூட்டத்தின் தலைவி சேற்றம்மா, பன்னிரண்டு குட்டிகளோடு கழுத்துவரை சேற்றில் கிடந்தாள்.

"சேற்றம்மா! செந்நாய் வருகிறது!"

"ஐயையோ! பிள்ளைகளா, எழுந்திருங்கள்!"

"உங்களிடம் இல்லை, மான்களிடம்."

"அப்பாடா! பிள்ளைகளா, படுங்கள்."

ஆட்காட்டி எதையும் மறைக்கவில்லை. பட்டினி, வேண்டுதல், பொட்டு, கருவாலன் பேச்சு, எல்லாவற்றையும் சொன்னாள். சேற்றம்மா தன் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு குட்டி அவள் முதுகில் ஏறிச் சறுக்கி விழுந்தது.

"இதையும் சேர்த்தா சாகக் கேட்டார்கள்?"

"சேர்த்துத்தான், அம்மா."

"அப்படிக் கேட்டவர்களை நான் போய்க் காப்பாற்ற வேண்டும். அதுதானே சொல்ல வந்தாய்?"

"எனக்குக் கத்தத் தெரியும். குத்தத் தெரியாது. அதனால் வந்தேன்."

சேற்றம்மா பெருமூச்சு விட்டாள். சேற்றில் குமிழி வந்தது. "தண்ணீரைக் கெடுத்தது பொய்யில்லையே. அந்தக் குட்டிமான் மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் புரண்டேன்." பிறகு சட்டென்று, "நெற்றியில் ஒரு பொட்டு என்றா சொன்னாய்? எங்களைப் பார், வால் நுனிவரைக்கும் செம்மண். அந்தக் கணக்கில் ஆண்டவருக்கு எங்களைத்தான் ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது!" என்றாள்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆட்காட்டி முட்டைக்கும் கரைமேட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மாலை வெயில் புல்மேல் சாய்ந்தது. குளத்தங்கரைப் புல்வெளியில் மான்கள் வரிசையாக நின்றன. எதிர்ப் புதரிலிருந்து செந்நாய்கள் வந்தன. ஓடி வரவில்லை, பிள்ளைகளே. சாவகாசமாக நடந்து வந்தன.

ஆட்காட்டி முட்டைகளைப் பார்த்தாள். மான்களின் குளம்புகளைப் பார்த்தாள். தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"கிர்ரீ! கிர்ரீ! கிர்ரீ!"

மான்களின் கால்களெல்லாம் ஒருசேரத் துடித்தன. காலுக்கு அந்தக் காட்டு வழக்கம் தெரியும். "நில்லுங்கள்!" என்று அதட்டினார் பெருங்கொம்பர். நின்றன.

கருவாலன் நேரே அவரிடம்தான் வந்தான்.

"பொட்டு! பொட்டைப் பார்!" என்று பெருங்கொம்பர் நெற்றியைக் காட்டினார்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே கருவாலன் பாய்ந்தான்.

அவன் பல் கழுத்தில் படுவதற்குள் கோரைப்புல் படார் என்று பிளந்தது. தலைமுதல் வால்வரை செக்கச் செவேலென்று, சேறு சொட்டச் சொட்டப் பன்றிகள் வந்து விழுந்தன. சேற்றம்மாவின் முதல் குத்தில் கருவாலன் உருண்டான்.

"ஓடுங்கள், கூறுகெட்டவர்களே!" என்று கத்தினாள் சேற்றம்மா. "உங்கள் பொட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!"

குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு அந்தப் பெண்மான்தான் முதலில் ஓடியது. அப்புறம் எல்லாம் ஓடின. பெருங்கொம்பரும் ஓடினார். விலா கிழிந்த கருவாலன் தன் படையோடு நொண்டி நொண்டி மலையேறினான். சேற்றம்மாவுக்கு ஒரு காது போயிற்று. ஆட்காட்டியின் முட்டைகளில் ஒன்று நசுங்கிக் கிடந்தது. மிதித்தது மானின் குளம்பா, பன்றியின் குளம்பா என்று மண்ணில் தெரியவில்லை.

அன்று இரவு பன்றிகள் குளத்தில் இறங்கவில்லை. விடிந்தபோது சேறு அடியில் படிந்து, மேலே ஒரு சாண் தெளிந்த தண்ணீர் நின்றது. மான்கள் தயங்கித் தயங்கி வந்து குனிந்து குடித்தன. குனிந்ததில் நெற்றிப் பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

கடைசியாக வந்த பெருங்கொம்பர் குடிக்காமல் நின்றார். "சேற்றம்மா, நேற்று உங்களை அனுப்பியவர்தான் ஆண்டவரோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னை வந்து கூப்பிட்டது இந்தக் குருவி" என்றாள் சேற்றம்மா. "சீக்கிரம் குடியுங்கள், ஐயா. வெயில் ஏறுகிறது, நான் புரள வேண்டும்."

அப்போது புல் அசைந்தது. மூன்று முட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆட்காட்டி "கிர்ரீ!" என்றாள். மானும் பன்றியும் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. வந்தது வெறும் காற்றுத்தான். ஆனாலும் யாருக்காகக் கத்தினாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

நீதி: அடுத்தவன்மேல் வரும் போரை ஆண்டவர் தீர்ப்பென்று சொல்லி அதற்கு வழிவிடாதே, அது உன் நெற்றிப் பொட்டைப் பார்த்து விலகாது.