சிப்பிக்கல்லுக்கு அடியில

ஒரு ஊர்ல ஒரு கெணறு வெட்டுறவ இருந்தா. பேரு பூவாயி. அரியலூர்ப் பக்கம், ஓடையும் முள்ளுமாக் கெடக்குற செம்மண் காடு. ம் கொட்டுடி, கொட்டலன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். ம். அப்படி.

அந்த வருசம் மழ ஏமாத்திருச்சு. இருந்த ஒரு ஊர்க்கெணறும் வத்திப் போச்சு. அப்போ ஊரு கூடிப் பேசுனாங்க, வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள பூவாயி வெட்டுற புதுக் கெணத்துல தண்ணி வரலன்னா, வண்டி கட்டிக்கிட்டு எல்லாரும் கொள்ளிடக் கரைக்குப் போயிர்றதுன்னு. பூவாயி மக கொளஞ்சி நெறமாசக்காரி. ரெண்டு நாள் பாதை, பூரா மேடும் பள்ளமும். இந்தப் புள்ள வண்டியில ஏறுனா தாங்காதுன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. அப்புறம் பூவாயிக்குச் சோறு எறங்குமா? எறங்கல.

விடிஞ்சதும் கெணத்துல எறங்கிருவா. மேல கயிறு புடிக்கிறது அவ புருசனோட அண்ணன் தங்கராசு, அவளுக்கு மச்சாண்டாரு. அதிகம் பேசமாட்டாரு, ஆனா கயித்த விடமாட்டாரு.

மொதல்ல மண்ணு போயி மணக்கல்லு வந்துச்சு. சரக்... சரக்... வெரல்ல தேச்சா மணலு உதிருது. பூவாயிக்குப் புரிஞ்சுபோச்சு. என்னைக்கோ இங்க ஓடுன ஆறு, மலைய அரிச்சு அரிச்சு மணலாக் கொண்டாந்து கொட்டியிருக்கு. மேல மேல கொட்டக் கொட்ட, அடி மணலு அமுங்கி, இறுகி, கல்லாயிருச்சு. எத்தன வருசமாங்குற? உன் தாத்தா, அவருக்குத் தாத்தா, அவருக்குத் தாத்தான்னு விடிய விடியச் சொன்னாலும் பத்தாது. அடேயப்பா, என்னா பொறுமைன்னு அதத் தடவிக் குடுத்தா பூவாயி. மேல நின்னவங்க, கீழ ஒண்ணுமில்ல ஏறி வந்துருன்னாங்க. ஏறுவாளா? வெட்டுனா.

அப்புறம் ரெண்டாவது கல்லு. சொத்... சொத்துன்னு கடப்பாறை எறங்குது. ஒரு கட்டியப் பேத்துப் பாத்தா, உள்ள பூராச் சிப்பி. நத்தை, கிளிஞ்சலு, வரி வரியா, இப்பத்தான் கரையில பொறுக்குன மாதிரி. ஆனா எல்லாங் கல்லு. ம்? ஆமாண்டி, நம்ம அரியலூர்க் காட்டுக்கு அடியிலதான். ஒரு காலத்துல அங்க கடலு கெடந்துச்சு. செத்த சிப்பியெல்லாம் அடியில படிஞ்சு படிஞ்சு சுண்ணாம்புக் கல்லாயிருச்சு, கடலு எழுந்து போயிருச்சு.

கூடையில அந்தச் சிப்பி மேல வந்ததும் ஊரே பதறிப் பின்னால நகந்துருச்சு. ஏன்னா அந்த ஊர்ல ஒரு வழக்கம், சிப்பி வந்தா கெணத்த மூடிரணும். அடியில பழைய கடலு இருக்கு, உப்புத் தண்ணிதான் வரும்னு நம்பிக்கை. தேங்காய ஒடச்சு, சூடத்தக் கொளுத்தி, மண்ணத் தள்ளிருவாங்க. சின்னத்தம்பிங்கிற பெரியவரு தேங்காயோட வந்தே நின்னுட்டாரு.

பூவாயி என்ன செஞ்சா தெரியுமா? அந்தக் கல்ல நாக்கால நக்கிப் பாத்தா. சீன்னாத, அவ வேல அது. அப்புறம் மேல பாத்துச் சொன்னா, "பெரியப்பா, கல்லு கரிக்கல. சிப்பி கல்லாப் போன நாள்ல இருந்து மழ பேஞ்சு கழுவியிருக்கு. உப்பு மட்டும் எங்க இருக்கும்?"

அவரு கேக்கல. மூடணும்னே நின்னாரு. கூடை தூக்குன ஆளுங்கல்லாம் பயந்துக்கிட்டு வண்டி கட்டப் போயிட்டாங்க. தங்கராசு மட்டும் கயித்த இடுப்புல சுத்திக்கிட்டு அங்கயே உக்காந்துட்டாரு. அந்த மனுசன எனக்கு ரொம்பப் புடிக்கும்.

அப்போ வெள்ளிக்கெழமை மத்தியானம். மூணாவது கல்லு வந்துச்சு. ணங்! கடப்பாறை மொனை மடங்கிருச்சு. கருங்கல்லு. பூமி வயித்துல நெருப்புக் கொழம்பாக் கொதிச்சு, மெல்ல மெல்ல ஆறி எறுகுன கல்லு. ஊருக்கு மேக்கால மலையா நிமிந்து நிக்கிறதும் அதுதான், சரிஞ்சு வந்து இங்க அடியில படுத்திருக்கிறதும் அதுதான். மேல அவ வெட்டுன மணலும் இதுல இருந்து உதிர்ந்ததுதான். நெருப்பு கல்லாகி, கல்லு மணலாகி, மணலு மறுபடியும் கல்லாகி... பூவாயி கைய எடுத்துக் கும்பிட்டா.

ஆனா தண்ணி இல்ல. மேல வண்டிச் சத்தம் கேக்குது, லொடக் லொடக்குன்னு. கொளஞ்சியக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வர்றாங்க, பாவம், அந்தப் புள்ள அழுவுது.

பூவாயி யோசிச்சா. மழத்தண்ணி மணக்கல்லுல எறங்கும், சிப்பிக்கல்லுலயும் எறங்கும், கருங்கல்லுல எறங்காது. அப்போ சிப்பிக்கல்லும் கருங்கல்லும் சேர்ற எடத்துலதான் தேங்கியிருக்கணும். அந்தச் சந்துல காத வச்சு, சுத்திச் சுத்தித் தட்டுனா. டொக். டொக். டொப். மடங்குன கடப்பாறைய அங்கயே வச்சு, கை எரிய எரிய நெம்புனா, நெம்புனா, நெம்புனா...

புஸ்ஸ்... களக்... களகளகளன்னு தண்ணி காலை நனச்சுருச்சு.

மேல எல்லாரும் ஓடியாந்து எட்டிப் பாத்தாங்க. உப்பா, நல்ல தண்ணியா? பூவாயி ஒரு கை அள்ளிக் குடிச்சா. மறுபடியும் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் அள்ளி, மடக்கு மடக்குன்னு குடிச்சா.

அப்புறம் வாயத் தொடச்சுக்கிட்டு அண்ணாந்து சொன்னா, "மச்சாண்டாரே, வண்டிய அவுக்கச் சொல்லுங்க."

தண்ணி ஊறிருச்சு, கதை ஓஞ்சிருச்சு. ம் சத்தத்தயே காணோமே... சரி, தூங்குடி தங்கம்.