மரங்கொத்தியின் பிடரியில் மஞ்சள்

பறவையும் விலங்கும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த காலம். இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் கோலா மெராந்தி என்றொரு மலாய் அரச நகர் இருந்தது. ஆற்றோரம் படித்துறை, அதற்கு மேலே பள்ளிவாசல், அதற்கும் மேலே மரத்தாலேயே கட்டிய அரண்மனை. அரண்மனை முற்றத்தில் முரசு மண்டபம். அந்தப் பெரிய கூரை முழுக்க ஒரே ஒரு நடுத்தூணை நம்பித்தான் நின்றது.

அந்த ஊரில் மஞ்சள் என்றால் அரச குடும்பத்துக்கு மட்டும்தான். வேறு யார் உடுத்தினாலும், அட, விரலால் தொட்டாலும் தலை போய்விடும். நடுத்தூணுக்கும் மஞ்சள் துணிதான் சுற்றியிருப்பார்கள். புதுச் சுல்தான் பட்டமேறும்போது பழைய துணியை அவிழ்க்க மாட்டார்கள். அதன் மேலேயே அரச குடும்பத்தார் இன்னொன்றைச் சுற்றுவார்கள். அவிழ்ப்பது மரியாதைக் குறைவாம்! இப்படியே சுற்றிச் சுற்றி, உள்ளே இருக்கும் மரத்தைப் பார்த்தவர் ஊரில் ஒருவரும் இல்லை என்றாகிவிட்டது.

மெலூர் என்ற மரங்கொத்தி அந்தப் பக்கம்தான் குடியிருந்தாள். பட்டமேற்பு விழாவுக்கு முந்தின நாள் காலை, மண்டபத்து உத்தரத்தில் உட்கார்ந்து பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டினாள். கணீரென்று வரவேண்டிய சத்தம் பொத் பொத்தென்று வந்தது. உத்தரம் தூணின் தலையைச் சேரும் இடத்துக்குப் போய்த் தட்டினாள். அங்கே இன்னும் மோசம். நாளைக்கு முரசு அதிரும்போது ஊரே இந்தக் கூரைக்கு அடியில்தானே நிற்கும்!

நேரே வாசலுக்குப் பறந்தாள். அங்கே காவல் நின்றது காடிங் என்ற யானை.

“காடிங் அண்ணே, நடுத்தூணைக் கறையான் அரிச்சிருக்கு. துணியை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்க.”

“எங்க தாத்தா காட்டுலேருந்து தூக்கிட்டு வந்த தூணு அது! அதைக் கறையான் அரிக்குமா? வாயைக் கழுவு!”

“மரத்தைத் தட்டியே பொழைக்கிறவ அண்ணே நான். எனக்குத் தெரியாதா?”

“போடி போடி. நல்ல நாளும் அதுவுமா அபசகுனம் பேசிக்கிட்டு.”

முரசடிப்பவர்களிடம் கேட்டாள், அரண்மனைத் தச்சர்களிடம் கேட்டாள். எல்லாரும் அந்த மஞ்சளை ஒரு பார்வை பார்த்து, கும்பிடு போட்டு நழுவிவிட்டார்கள். மெலூருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ‘ஒருத்தரும் தொட மாட்டீங்களா? சரி, நானே தொடுறேன். தலை போனா போகட்டும்.’

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூடத் தூணருகே இடம் பிடித்திருந்தார்கள். முரசடிப்பவர் கோலை ஓங்கினார். விர்ரென்று பாய்ந்த மெலூர் மஞ்சள் துணியை அலகால் பற்றிக் கிழித்தாள்.

“மஞ்சளைத் தொட்டுட்டா! பிடி, வெட்டு!” காவலர்கள் குறுவாளை உருவினார்கள்.

“வெட்டுங்க, ஆனா அப்புறம் வெட்டுங்க! முதல்ல இதைப் பாருங்க!” என்று கத்திக்கொண்டே, சுற்றுக்குச் சுற்று கிழித்து, மரம் தெரிந்ததும் ஓங்கிக் கொத்தினாள். பொலபொலவென்று கறையான் கொட்டியது. சுல்தான் எழுந்து வந்து ஓட்டையில் கைவிட்டார். முழங்கைவரை உள்ளே போனது.

“எல்லாரும் வெளியே!” என்றார்.

கூரை முனகியது. காடிங் ஓடிவந்து உத்தரத்துக்குத் தலையை முட்டுக் கொடுத்தது. கடைசிக் குழந்தை வெளியேறிய பிறகே அது பின்வாங்கியது. மண்டபம் மடமடவென்று சரிந்து புழுதியாகக் கிளம்பியது.

“தாத்தா பெருமையில என் காது அடைச்சுப் போச்சு தங்கச்சி,” என்று காடிங் அழுதது.

ஆனால் சட்டம் சட்டம்தானே. காவலர்கள் மெலூரைச் சுல்தான் முன் நிறுத்தினார்கள்.

“மஞ்சளைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா?”

“தெரிஞ்சுதான் தொட்டேன், துவாங்கு. சும்மா இருந்திருந்தா இத்தனை பேரும் போயிருப்பாங்க.”

சுல்தான் குனிந்து, கிழிந்து கிடந்த துணியில் ஒரு நறுக்கை எடுத்து அவள் பிடரியில் கட்டினார்.

“சட்டத்தை நான் மாற்றப் போவதில்லை. ஆனால் இவள் இனி என் குடும்பம். எங்கள் வீட்டுப் பெண் மஞ்சளைத் தொட்டால் யார் கேட்பது?”

குறுவாள்கள் உறைக்குள் போயின.

அன்றைக்குக் கட்டிய மஞ்சள்தான் அவள் வம்சத்து மரங்கொத்திகளின் பிடரியில் இன்னமும் கொண்டையாக நிற்கிறது. எவ்வளவு பெரிய மரமானாலும் தட்டிக் கேட்காமல் அவை நம்புவதுமில்லை.