கதவு சுமந்த மனித உரிமைக் குழு

கோணமூக்கனூர் மனித உரிமைக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரின் புத்தியையும் கூட்டினால் ஒரு ஆளுக்குத் தேறும் என்று ஊரில் பேச்சு. செயலாளர் அய்யாக்கண்ணு அதை ஒப்புக்கொண்டதில்லை. அவர் தம்மையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டார். முக்கால் ஆளுக்குத்தான் வந்தது.

அந்தக் குழுவுக்கு மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை தாலுகா அதிகாரி ஊருக்கு வருகிறார். அதற்குள் வீடு வீடாகப் போய்க் குறைகளை எழுதி வைக்க வேண்டும். கதவைத் தட்டாமல் யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது, அது அவர்கள் உரிமை. கதவு திறந்ததும் அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். முக்கியப் பொறுப்பை இளைஞர்களிடம் கொடுக்க வேண்டும்.

கிழக்குத் தெருவுக்கு இது பெரிய காரியம். பதினான்கு வீட்டுக்கும் ஒரே குழாய். அது நாலு மாதமாகக் காய்ந்து கிடந்தது. குறை எழுத்தில் இருந்தால் அன்றே புதுக் குழாய்க்கு உத்தரவு கிடைக்கும். இல்லாவிட்டால் அந்தக் குழாய் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

"இளைஞருக்கு எங்கேய்யா போறது?" என்றார் தலைவர் பிச்சாண்டி. விரல் விட்டு எண்ணினார். "எனக்கு அறுபத்திரண்டு. அதுல மூணு இருபது இருக்கு. நான் ஒருத்தனே மூணு இளைஞர்தானே?"

"மிச்சம் ரெண்டு வயசு நிக்குதே, தலைவரே?" என்றார் அய்யாக்கண்ணு.

"அது கைக்குழந்தை. அதையும் எழுதிக்க."

அய்யாக்கண்ணுவுக்குக் கணக்கு சரியாகத்தான் பட்டது. ஆனால் கைக்குழந்தையை வெயிலில் கூட்டிப்போக மனசு வரவில்லை. ஆகவே பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். கூச்ச சுபாவம். இரண்டு மணி நேரம் நின்றும் வாயைத் திறக்க முடியாமல், கடைசியில் கடிதத்தை நீட்டினார். இருளப்பன் என்ற பையனும் தமயந்தி என்ற பெண்ணும் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, "நல்லாருக்கு தாத்தா, வர்றோம்" என்றார்கள். குழுவுக்குப் பொருத்தமான ஆட்கள் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை வடக்குத் தெரு. இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு கதவு. எல்லாம் தட்டியாயிற்று. "சாப்பிட விடமாட்டீங்களா?" என்று பதினாறு பேரும், "யார்றா அவன்?" என்று ஆறு பேரும் குறை சொன்னார்கள். அய்யாக்கண்ணு அப்படியே எழுதிக்கொண்டார்.

கிழக்குத் தெருவுக்கு வந்ததும் குழு திகைத்து நின்றது. பதினான்கு வீட்டில் ஒன்றுக்கும் கதவு இல்லை. வாசலில் சாக்குதான் தொங்கியது. முதல் வீட்டுச் செவந்தி சாக்கை விலக்கிக்கொண்டு, இடுப்பில் காலிக் குடத்தோடு எதிரிலேயே நின்றாள்.

"வாங்கய்யா. தண்ணி வரலன்னு எழுதிக்கங்க."

"பொறும்மா. இன்னும் தட்டல" என்றார் பிச்சாண்டி.

இருளப்பன் சாக்கைத் தட்டினான். சத்தம் வரவில்லை, தூசிதான் வந்தது. ஐந்து பெரியவர்களும் வரிசையாகத் தும்மினார்கள். மொத்தம் பதினொரு தும்மல்.

"கதவு இல்லாதவங்களுக்குக் குறையே இருக்கக் கூடாதுன்னு சட்டமோ?" என்று தமயந்தி கேட்டாள்.

"இருக்கலாம். ஆனா சொல்றதுக்கு வழியில்ல" என்றார் பிச்சாண்டி வருத்தத்தோடு.

இருளப்பன் மோவாயைச் சொறிந்தான். "தாத்தா, நாமளே ஒரு கதவக் கொண்டுவந்தா?"

குழு அவனை அண்ணாந்து பார்த்தது. "இதுக்குத்தான்யா இளைஞர் வேணுங்கறது!" என்று பிச்சாண்டி கண் கலங்கினார். அவர் வீட்டு வாசற்கதவையே கழற்றிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வீடு கதவை நிறுத்தினார்கள். முக்கியப் பொறுப்பு இளைஞர்களுக்கே கிடைத்தது. மேல் கீல் இருளப்பன், கீழ்க் கீல் தமயந்தி. வீட்டுக்காரர் உள்ளே போய், அய்யாக்கண்ணு மூன்று தட்டுத் தட்டியதும், கதவைத் தள்ளித் திறக்க வேண்டும். செவந்தி தள்ளிய வேகத்தில் கதவு தமயந்தியின் கால் விரலில் இறங்கியது.

"முதல்ல இந்தக் கதவத் தூக்கிட்டுப் போங்கய்யா!" என்று செவந்தி கத்தினாள்.

கதவு திறந்ததும் சொன்னது அதுதான். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். பதினான்கு வீட்டிலும் அதே குறை. இந்தத் தெருவில் என்ன ஒற்றுமை என்று அய்யாக்கண்ணு வியந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"தண்ணி வரலைன்னு கேள்விப்பட்டேன். இதுல பதினாலு பேரும் கதவைப் பத்தித்தானே சொல்லியிருக்காங்க?"

"தண்ணிய, கதவு வர்றதுக்கு முன்னாடி சொன்னாங்க, ஐயா. அதனால எழுதல" என்றார் அய்யாக்கண்ணு பணிவாக.

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஆறு மணி வரைக்கும் பஞ்சாயத்து ஆபீஸ்ல இருப்பேன். தண்ணின்னு எழுதி, செயலாளர் கையெழுத்தோட வந்தா உத்தரவு. இல்லேன்னா இல்லை."

குழு இதை ஆலோசிக்கப் பிச்சாண்டி வீட்டுக்குப் போயிற்று. பக்கத்தில் நின்று கேட்ட செவந்தி ஆலோசிக்கவில்லை. ஒரு தாளில் "தண்ணீர்" என்று எழுதி, பதினான்கு வீட்டிலும் கைநாட்டு வாங்கி, ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அங்கே ஓடி வந்தாள்.

பிச்சாண்டி வீட்டுக்கு இப்போது கதவு இல்லை. அது கிழக்குத் தெருவிலேயே கிடந்தது. நாய் நுழையாமல் இருக்கச் செயலாளரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அய்யாக்கண்ணு நிலையின் இரண்டு பக்கமும் கை கொடுத்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, சீக்கிரம் ஒரு கையெழுத்து!"

"தட்டாம உள்ள விடக் கூடாதும்மா. அது தலைவரோட உரிமை."

"எதைய்யா தட்டுறது? கதவுதான் எங்க தெருவுல கிடக்கே!"

"அதுக்குப் பதிலாத்தான் நான் நிக்கிறேன்."

செவந்தி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி, அவர் நடுமண்டையில் ஓங்கி மூன்று தட்டுத் தட்டினாள். நல்ல தேக்கு மரத்துச் சத்தம் வந்தது.

"யாரோ தட்டுறாங்க பாரு, திற!" என்று உள்ளேயிருந்து பிச்சாண்டி குரல் கொடுத்தார்.

அய்யாக்கண்ணு கீல் பிசகாமல் ஒரு பக்கமாகத் திரும்பி, வழிவிட்டார். சுவரோடு ஒட்டி நின்றபடியே கையெழுத்தும் போட்டார். ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பஞ்சாயத்து ஆபீஸில் அவளுக்கு உத்தரவு கிடைத்தது.

செவந்தி போன பிறகு அவர் நோட்டை எடுத்து அன்றைய கணக்கை முடித்தார். தட்டிய கதவுகள்: வடக்குத் தெரு இருபத்திரண்டு, கிழக்குத் தெரு பதினான்கு, செயலாளர் ஒன்று. ஆக மொத்தம் முப்பத்தேழு. செயலாளர் கதவுக்கு மட்டும் எண்ணெய் போட வேண்டும்.