கூரை போட்டுக்கொண்ட கடைவீதி

ஒரு நகரத்தின் நடுவில் ஒரு கடைவீதி இருந்தது. ஒரு காலத்தில், தீபாவளி நெருங்கினால் அதில் கால் வைக்க இடமிருக்காது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவர்கள் நாலு திட்டு வாங்காமல் வெளியே வந்ததில்லை. வீதிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பிறகு பைபாஸ் ஓரத்தில் ஒரு மால் வந்தது. ஜனங்கள் பஸ் ஏறி அங்கே போனார்கள். வீதியில் ஒவ்வொரு ஷட்டராக இறங்கியது. இன்னும் நாலைந்து கடை மூடினால் தன்னை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கிவிடுவார்கள் என்று வீதிக்குத் தெரியும். பயத்தில் யார் மீதாவது பழி போடப் பார்த்தது. அகப்பட்டது வெயில்.

“எல்லாம் உன்னால்தான். அங்கே குளுகுளு என்று இருக்கிறது. இங்கே நீ மண்டையைப் பிளக்கிறாய். யார் வருவார்கள்?”

“நான் நேற்றா வந்தேன்?” என்றது வெயில். “கூட்டம் இருந்தபோதும் இங்கேதானே இருந்தேன்?”

“பேச்சு வேண்டாம். கிளம்பு.”

கடைக்காரர்களும் அதே முடிவில்தான் இருந்தார்கள். வீதி முழுக்கத் தகரக் கூரை போட்டு, வரிசையாக டியூப்லைட் மாட்டினார்கள். இனி நானும் மால்தான் என்று வீதி பூரித்துப்போனது, பாவம்.

ஒருநாள் திலகவதி என்ற பெண், மகளின் நிச்சயதார்த்தப் பட்டுச்சேலையோடு ஜமாலுதீன் பாயின் ஜவுளிக்கடைக்கு வந்தாள். அவர் எடுத்துக் கொடுத்த ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு, அந்த ஊர்ப் பெண்கள் எப்போதும் செய்வதுபோல வீதியில் இறங்கி நின்று, சேலைமேல் வைத்துப் பார்த்தாள்.

“என்ன பாய், வெளியில வந்தாலும் டியூப்லைட்தானா?”

“மால் மாதிரி பண்ணிருக்கோம்மா. நல்லா இல்ல?”

“அந்த மால்லதான் துணி எடுத்து ஏமாந்தேன். லைட்டுல கலர் அப்படியே பொருந்திச்சு. வீட்டு வாசல்ல வச்சுப் பார்த்தா சேலை வேற, துணி வேறன்னு நிக்குது. வெயில்ல பார்த்து எடுக்கலாம்னுதானே இங்க வந்தேன்? இங்கயும் இப்படின்னா நான் எங்க போவேன்?”

அவள் சேலையை மடித்துப் பையில் வைத்தாள். வீதிக்குப் பகீரென்றது. ரோஷத்தை விட்டுவிட்டு மேலே பார்த்துக் கூப்பிட்டது. “வெயிலே, கொஞ்சம் வாயேன்!”

“வர எனக்கென்ன? வழி எங்கே?”

“இரண்டு தகரம் சரியாகச் சேராமல் ஒரு இடுக்கு இருக்கிறது பார்.”

வெயில் கோபம் வைத்துக்கொள்ளவில்லை. இடுக்கு வழியாக இறங்கி, கைக்குட்டை அளவுக்குத் தரையில் விழுந்தது.

“பாய், இதோ இங்க!” திலகவதி ஓடிப்போய் அந்த வெளிச்சத்தில் சேலையைப் பிரித்தாள். பாய் ஒவ்வொரு துணியாகக் கொண்டுவந்து நீட்டினார். “இதுதான்! இதேதான்!” என்று அவள் போட்ட சத்தத்தில் மற்ற கடைகளில் இருந்த பெண்களும் துணிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தத் துண்டு வெளிச்சத்தைச் சுற்றி ஒரே நெரிசல்.

கூரைக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தாயா? நான் வந்ததும் எப்படிக் கூட்டம்!”

“நன்றாகப் பார்,” என்றது வீதி. “நீ இல்லாத இடத்தில்தான் நிற்கிறார்கள்.”