செம்பூரணியில் நிற்காத வண்டி

சந்தானகோபாலன் மடத்தில் வடிவம்மாவிடம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. வடிவம்மாவுக்கு நாற்பத்தெட்டு. அதில் அவருக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. ரயில் பேச்சு வந்தால் மட்டும் தான் சீடர் என்பதை மறந்துவிடுவார்.

முப்பது வருஷம் ரயில் கால அட்டவணைகளோடு குடித்தனம் நடத்திய மனுஷர். எந்த வண்டி எங்கே நிற்கலாம், எங்கே நிற்க வேண்டாம் என்று முடிவு செய்யும் குழுவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் நாலைந்து சின்ன தேசங்களையும் சுற்றிப் பார்த்திருந்தார். அங்கே காலைக் காப்பியைக் குடித்துவிட்டு ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு நாட்டின் மறுகோடி வந்துவிடுமாம். மடத்திலிருந்து யார் ஊருக்குக் கிளம்பினாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அன்று கிளம்பியது வடிவம்மா. நாட்டின் தென்கோடியில் ஏறி வடகிழக்குக் கோடியில் இறங்கும் வண்டி. நாலு நாள் பயணம். துணைக்குச் சந்தானம்.

வண்டி புறப்பட்டு ஒரு மணி நேரம் அவர் பொறுமையாகத்தான் இருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“அம்மா, சின்ன நாட்டுக்கு ரயில் சரி. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது எப்படிச் சரிப்படும்?”

வடிவம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வண்டியில இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் போறவங்க எத்தனை பேர்? எண்ணிட்டு வாங்க.”

எண்ணுவது சந்தானத்துக்குப் பிடித்த வேலை. பேனாவை எடுத்துக்கொண்டு உற்சாகமாகவே கிளம்பினார். பெட்டி பெட்டியாகப் போய், எந்த ஊர் வரைக்கும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் கோர்ட்டில் வாய்தாவுக்காக மூன்றாவது ஸ்டேஷனில் இறங்குகிறார். ஒரு குடும்பம் வளைகாப்புக்குப் போகிறது. சேலத்தில் வேலைக்குச் சேரப் போகிற ஒரு பெண், இறங்கும் ஊரைச் சொல்லிவிட்டு உங்களுக்கு எதற்கு என்று திருப்பிக் கேட்டாள். இருந்ததிலேயே அதிக தூரம் விசாகப்பட்டினம்தான். கோடி வரைக்கும் ஒருவரும் இல்லை.

நாலு பெட்டி தள்ளி, பகலில் சாதா டிக்கெட்காரர்களையும் உட்கார விடுகிற பெட்டி. அங்கே முத்துப்பேச்சி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டுப் போட்ட அவள் புருஷன் அவள் தோளில் சாய்ந்திருந்தான். சந்தானம் அவளையும் கேட்டார்.

“எங்க ஊரு செம்பூரணி, ஐயா. இடையாத்தூர்ல போய் இறங்குவோம்.”

சந்தானத்தின் பேனா நின்றுவிட்டது. செம்பூரணியை அவருக்குத் தெரியும். நேரில் அல்ல, பட்டியலில். வண்டியை வேகப்படுத்த அவர் நீக்கிய முப்பத்தேழு நிறுத்தங்களில் பதினேழாவது பெயர் அது. அதற்கு நேரே, இறங்குவோர் எவரும் இல்லை என்று அவரே எழுதியிருந்தார்.

ஏன் இடையாற்றூர் வரை போக வேண்டும் என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் சொன்னாள். வாரத்துக்கு மூன்று நாள் புருஷனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டிவருகிறாள். முன்பெல்லாம் இந்த வண்டி செம்பூரணியில் நிற்கும். இறங்கினால் கூப்பிடு தூரத்தில் வீடு. அங்கே நின்றுகொண்டிருந்ததும் இந்த ஒரு வண்டிதான். இப்போது பத்தொன்பது கிலோமீட்டர் தாண்டி இடையாற்றூரில் இறங்கி, இரண்டு பஸ் மாறித் திரும்பி வருகிறார்கள். பஸ் குலுக்கலில் அவனுக்கு வாந்தி நிற்பதில்லை. வீடு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

“அங்க யாருமே இறங்கலைன்னுதானே கணக்கு?” என்றார் சந்தானம். குரல் இன்னும் அதிகாரியின் குரலாகத்தான் வந்தது.

“டிக்கெட் எடுக்கையில யாரு செம்பூரணின்னு கேப்பா? கவுண்டர்ல இருக்கவரு அந்தப் பேரைத் தேடி எடுக்கதுக்குள்ள பின்னால நிக்கவங்க ஏசுவாங்க. இடையாத்தூருக்கும் அதே காசுதான். இடையாத்தூருன்னு எடுத்துட்டு எங்க ஊர்ல இறங்கிருவோம். ஊரே அப்படித்தான்.”

சந்தானம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“யாரோ ஒரு புண்ணியவான் டிக்கெட்டை எண்ணிப் பாத்துட்டு, ஒரு ஆளும் இறங்கலைன்னு எழுதிட்டாராம். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. எங்க ஊர்ப் பேரை நாங்கள்ல சொல்லாம விட்டுட்டோம்.”

அவள் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டி ஒரு வளைவில் வேகம் குறைந்தது. முத்துப்பேச்சி புருஷனின் தலையை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வாசலுக்குப் போனாள். ஒரு சிமெண்ட் பெஞ்சு வந்தது. மஞ்சள் பலகையில் செம்பூரணி வந்தது. வெற்றுப் பிளாட்பாரத்தில் அவள் நாத்தனார் புடவை முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். முத்துப்பேச்சி பொட்டலத்தை எறிந்தாள். மாமனாருக்குச் சாயங்காலம் கொடுக்க வேண்டிய மாத்திரையாம்.

“அந்தா, நம்ம வீடு,” என்றான் புருஷன் கண்ணைத் திறந்து. வாரத்துக்கு மூன்று தடவை இப்படிச் சொல்வான் போலிருக்கிறது. அவள் சரி சரி என்று மறுபடி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சந்தானம் தன் பெட்டிக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

“எத்தனை பேர்?” என்று கேட்டார் வடிவம்மா.

“நாம ரெண்டு பேர்தான்மா.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பட்டியல், பதினேழாவது பெயர், பொட்டலம், அந்த வீடு. சொல்லும்போது நிமிரவே இல்லை.

“வெட்கமா இருக்கும்மா. அந்தப் புண்ணியவான் நான்தான்.”

“இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

“அவங்ககிட்ட சொல்ல முடியல.”

“நாலு பெட்டிதானே, சந்தானம்.”

“ரொம்ப தூரம்மா.”

வண்டி இடையாற்றூரில் போய் நின்றது. சந்தானம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முத்துப்பேச்சி புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் வந்தாள். ஜன்னலில் சந்தானத்தைப் பார்த்ததும் நின்றாள்.

“எல்லாரையும் கேட்டீங்களே ஐயா, நீங்க எந்த ஊரு வரைக்கும்?”

“கடைசி வரைக்கும்,” என்றார் அவர்.

“அம்மாடி, அம்புட்டு தூரமா? உடம்பைப் பாத்துக்கிடுங்க.”

சந்தானம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். வண்டி நகர்ந்துவிட்டது. இடையாற்றூருக்கு இரண்டு நிமிஷம் போதும் என்று எழுதியவரும் அவர்தான். பஸ் ஸ்டாண்டு இருக்கும் பக்கமாக அவர்கள் இருவரும் மெல்ல நடந்து போவது கொஞ்ச நேரம் தெரிந்தது.

அவர் வெகுநேரம் வெளியே பார்க்கவே இல்லை. பிறகு எழுந்து மேலிருந்து தன் பையை இறக்கினார்.

“அம்மா, அடுத்த ஸ்டேஷன்ல நான் இறங்கிக்கிறேன். எதிர்ல வர்ற வண்டியைப் பிடிச்சு, செம்பூரணியில இறங்கி, அவங்க வீட்டுக்கே போய்ச் சொல்லிடறேன்.”

வடிவம்மா தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் பையில் வைத்தார்.

“அங்க எந்த வண்டியும் நிக்காது, சந்தானம். இடையாத்தூர்ல இறங்கி ரெண்டு பஸ் மாறுங்க.”